லிஃப்டுக்கு எண்ணெய் போட்டவர்

ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீயும் அப்பாவும் நலமா? அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? படிக்கட்டில் ஏறவிடாதே.

விடுதி அறையில் இரண்டு கட்டில். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டிதான் தெரிகிறது. கூட இருப்பவள் வேதியியல் படிக்கிறாள். கட்டிலிலேயே சாப்பிட்டு, கட்டிலிலேயே கை துடைக்கிறாள். இதுவரை நாங்கள் பேசிக்கொண்ட மொத்த வார்த்தை ஒன்பது. அதில் ஏழு அவளுடையது.

நான் சேர்ந்த மொழித் துறைக்காரர்கள் இருப்பது இரண்டாவது மாடியில். மொழி எப்படி மாறிவந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. அதற்குக் கல்வெட்டையும் காவியத்தையும் அவர்கள் தொடுவதில்லை. சாதாரண ஆட்கள் நூறு வருடமாக வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு புதுச் சொல் எப்போது, யார் கையெழுத்தில் முதலில் வருகிறது என்று தேடி அட்டையில் குறிக்க வேண்டும். அவர்கள் மேசை நீளமாக, கண்ணாடி போட்டு இருக்கும். அதன்மேல் பேனா வைக்கக் கூடாது, டீ வைக்கக் கூடாது. பென்சில் மட்டும்தான். துறைத் தலைவிக்குப் 'பென்சில் மேடம்' என்றுதான் பெயர்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் யாருடனாவது கடிதம் எழுதிக்கொள்ள வேண்டும். வரும் பதிலைப் படித்ததும் ஓர் உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துத்தான் எல்லா உறையையும் பிரித்து, யாரோ முன்பின் தெரியாதவர் எழுதியது போல வரிசையாகப் படிக்க வேண்டும். நான் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். வேறு யாரைக் கொடுப்பேன்?

இன்னொன்று. ஜனவரியில் துறை முழுக்க உட்கார்ந்திருக்க, நான் நாற்பது நிமிடம் பேச வேண்டும். அது தேறினால்தான் அடுத்த வருடமும் எனக்கு இங்கே இடம். நாற்பது நிமிடம், அக்கா. நான் வாழ்நாளில் பேசியதையெல்லாம் கூட்டினாலே அவ்வளவு வருமா?

அப்பாவிடம் சொல், நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

உன் தங்கை

*

ஜூன் 29

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

வாயாடி அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பா ஒரு வேளை விடாமல் சாப்பிடுகிறார், ஒரு வேளை விடாமல் குறையும் சொல்கிறார்.

உன் கடிதத்தை இரண்டு முறை சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னார். முடித்ததும் கேட்டாரே ஒரு கேள்வி: "மொழியைப் படிக்கவா அவ்வளவு தூரம் போனா? பொறந்து பதினோரு மாசத்துலயே பேசினாளே, இன்னும் என்ன பாக்கி?" நான் சொன்னேன், "அதுக்கப்புறம் அவ பேசவே இல்லையேப்பா, விட்ட இடத்துலேர்ந்து படிக்கப் போயிருக்கா."

மூட்டை தூக்கிப் பிழைத்த மனிதருக்கு ஒரு மகள் பட்டதாரி. தெருவில் யார் நின்று பேசினாலும் மூன்றாவது வாக்கியத்தில் உன்னைக் கொண்டுவந்து விடுகிறார்.

என் கதைக்கு என்ன? பை தைக்கிறேன். இந்த மாதம் பள்ளிக்கூடப் பை. ஒரு நாளைக்கு அறுபது ஜிப். கண்ணை மூடினாலும் ஜிப் ஓடுகிறது. சூப்பர்வைசர் பொம்பளைக்கு என்மேல் கோபம், நான் பேசிக்கொண்டே தைக்கிறேனாம். வாயால் தைக்கவில்லையே என்றேன். அவசரமென்றால் ஃபேக்டரி நம்பருக்குப் போடு, கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

நாற்பது நிமிடத்துக்குப் பயப்படாதே. என்னை நினைத்துக்கொள். நான் மூச்சு விடுவதற்குள் நாற்பது நிமிடம் ஓடிவிடும்.

ஜிப் அக்கா

*

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். மழை பெய்தால் ஓட்டுக்கு அடியில் பக்கெட் வைக்க மறக்காதே.

எனக்கு ஒரு கட்டு கொடுத்திருக்கிறார்கள். ஒரே குடும்பம், அறுபது வருடக் கடிதங்கள். அதில் ஒன்றில் மட்டும் தேதி இல்லை. அதன் காலத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் ஜனவரியில் நான் பேச வேண்டிய விஷயம். வெளியூரில் வேலை பார்த்த ஒருவர் மனைவிக்கு எழுதியது. உனக்காக ஒரு துண்டைப் பார்த்து எழுதுகிறேன்:

"இன்று லிஃப்ட் மக்கர் பண்ணியதில் அறைக்கு வர நேரமாகிவிட்டது. சட்டையெல்லாம் கறை. வெள்ளைச் சட்டை வேண்டாம் என்று நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம். குட்டி தவழ ஆரம்பித்துவிட்டாளா?"

'லிஃப்ட்' என்ற சொல் சாதாரண மக்களின் கடிதங்களில் எந்த வருடங்களில் வரத் தொடங்கியது என்று எங்கள் கையில் ஓர் அட்டை இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் இந்தக் கடிதம் கட்டின் கடைசிப் பக்கம் வர வேண்டும். அதற்குள் அவர் மகளுக்கு இருபது வயதுக்கு மேலாகியிருக்கும். ஆகவே தவழும் குட்டி பேத்தி என்று எழுதி வைத்தேன். பென்சில் மேடம் அதைப் பார்த்தார். அந்தக் கடிதத்தைப் போட்டுவைக்கும் உறைமேல் சின்னதாக ஒரு புள்ளி மட்டும் வைத்தார். புள்ளி வைத்தால் நல்லதா கெட்டதா என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

நேற்று எல்லோரும் சாப்பிடும்போது ஒருவர் என்னை ஏதோ கேட்டார். பதில் சொன்னேன். நாம் வீட்டில் பேசுகிற மாதிரியே வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் குறிப்பேட்டை எடுத்து நான் சொன்ன ஒரு சொல்லை எழுதிக்கொண்டார். அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. மிச்சச் சாப்பாட்டைத் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டாதே.

தங்கை

*

செப்டம்பர் 12

அன்புள்ள கோட்டானுக்கு,

பதில் தாமதம். கோபிக்காதே. ஷிஃப்ட் மாற்றிப் போட்டதில் நேரம் தெரியவில்லை. இங்கே இருவரும் சுகம். அப்பாவின் ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது.

அந்தக் குறிப்பேட்டு ஆளை நேரில் பார்த்தால் கேட்பேன், எங்கள் வீட்டு வார்த்தை அவ்வளவு பிடித்திருந்தால் ஒரு கிலோ கட்டித் தரட்டுமா என்று. நீ ஏன் தலை குனிந்தாய்? அவன்தானே நம் வார்த்தையைக் கடன் வாங்கிக்கொண்டு போனான்?

கைதான் கொஞ்சம் வறண்டுபோகிறது. கிருமிநாசினியில் கழுவிக் கழுவித் தோல் உரிகிறது. மற்றபடி குறையில்லை.

அப்பா தன் வாயால் ஒரு பத்தி எழுதச் சொல்கிறார். அப்படியே எழுதுகிறேன்: "கண்ணு, அக்கா தினமும் ஃபேக்டரிக்குப் போறா. ஃபேக்டரி நல்லா ஓடுது. மிஷின் எல்லாம் நல்லா ஓடுது. முதலாளியும் நல்லா இருக்காரு. நீ எதையும் நெனச்சுக்காம படி."

முதலாளியின் சுகத்தை அப்பா விசாரித்தது இதுவே முதல் முறை. வயதாகிறது, விடு.

அக்கா

*

செப்டம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வராத ஏழு வாரமும் தபால் பலகையைத் தினமும் பார்த்தேன். நலமென்று அறிந்து நிம்மதி. கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவு. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

தேதி குறித்துவிட்டார்கள். ஜனவரி 22, காலை பத்து மணி. கடைசி வரிசையில் ஒரு பேராசிரியர் உட்காருவார். யாராவது தப்பாகச் சொன்னால் பேச மாட்டார், நாற்காலியில் சாய்வார். அது கிரீச்சென்று கத்தும். போன வாரம் ஒரு மாணவருக்குப் பதினாறு கிரீச். எண்ணினேன்.

ஒளிக்காமல் சொல்கிறேன். வீட்டுக்கு வந்துவிடலாம் என்று தோன்றுகிறது. உன்னோடு பை தைக்கிறேனே. ஒரு நல்ல காரணம் கிடைத்தால் போதும், நாளைக்கே பெட்டி கட்டிவிடுவேன். உனக்கு நான் அங்கே தேவைப்பட்டால் தயங்காமல் எழுது.

தங்கை

*

அக்டோபர் 18

அன்புள்ள கோட்டானுக்கு,

நீ இங்கே தேவைப்படவில்லை. அங்கேயே இரு.

அப்பா சுகம். நாடித்துடிப்பு எழுபத்திரண்டு, ஓய்வாக உட்கார்ந்திருந்தபோது எடுத்தது. "என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னடி எண்ணற, ரேகை பாக்கறியா?" என்கிறார்.

மாடி வீட்டுப் பூனைக்கு வாசலில் சைக்கிள் ஏறிக் காலில் அடி. நம் வீட்டில் அட்மிட் ஆகி மூன்று நாள். கட்டுப் போட்டேன். முதல் நாள் டிரெஸ்ஸிங் மாற்றும்போது கடித்தது. இரண்டாம் நாள் காலை நீட்டிக் கொடுத்தது. நேற்று டிஸ்சார்ஜ். போகும்போது அப்பாவின் தட்டில் இருந்த மீனோடு போய்விட்டது. அப்பா இன்னும் அதோடு பேசவில்லை.

ஜனவரி 22க்கு ஒரு வழி சொல்கிறேன். பேசுவதற்கு முன் மூக்கால் மெதுவாக இழு. நாலு எண்ணு. வாயால் விடு, ஆறு எண்ணு. ஐந்து முறை. பயத்தில் மூச்சுத் திணறுகிறவர்களைக்கூட இது உட்கார வைத்துவிடும். நான் என் கண்ணால் பார்த்தது.

சாய்கிற நாற்காலியைப் பற்றிக் கவலைப்படாதே. அதற்கு ஒருவர் எண்ணெய் போட்டால் தீர்ந்தது.

அக்கா

*

டிசம்பர் 3

அன்புள்ள தங்கைக்கு,

ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. சுகம்தானே? பேசவில்லையென்றால் சரி, அது உன் பிறவிக்குணம். எழுதவுமில்லையென்றால் பயமாக இருக்கிறது. ஒரு வரி போதும். இங்கே ஆறுக்குத் தூக்கமில்லை, ஒன்பதுக்கு ஓயாத இருமல், எனக்கு உட்கார நேரமில்லை. அப்பா சுகம்.

அக்கா

*

ஜனவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. பேச வேண்டியதை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம் முடிந்தது. இன்று உன் உறைகளைப் பிரித்தேன். நான்கு கடிதங்களையும் கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்தேன். வழக்கப்படி, யாரோ ஒரு பெண் எழுதியதாக நினைத்துப் படித்தேன்.

ஜூனில் எழுதிய பெண் ஜிப் என்கிறாள், சூப்பர்வைசர் என்கிறாள். செப்டம்பரிலிருந்து ஜிப் இல்லை. நூல் இல்லை, ஊசி இல்லை, பை இல்லை. அதற்குப் பதிலாகக் கிருமிநாசினி, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, டிரெஸ்ஸிங், அட்மிட், டிஸ்சார்ஜ். புதுச் சொற்கள் தனியாக நடந்து வருவதில்லை என்பதுதான் இங்கே முதல் நாள் சொன்ன பாடம். ஓர் இடத்தோடு பழக்கம் ஏற்பட்டால்தான் அந்த இடத்தின் சொல் கடிதத்துக்குள் வரும். நீ பழகிய இடம் ஆஸ்பத்திரி.

விடுதி அலுவலகத்துக்கு ஓடி ஃபேக்டரி நம்பருக்குப் போட்டேன். அந்த நம்பரே உபயோகத்தில் இல்லையாம்.

யாருக்கு உடம்பு சரியில்லை? அப்பாவுக்கா? அதனால்தான் கையைப் பிடித்து எண்ணுகிறாயா? இல்லை, உனக்கா? தூக்கமில்லை, இருமல் என்று எழுதியிருக்கிறாயே, அது நீதானா? நான் 12ஆம் தேதி வண்டியில் வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். பெட்டி கட்டிவிட்டேன். 22ஆம் தேதியைப் பற்றி நீ பேசாதே.

தங்கை

*

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

முந்தைய கடிதம் கிடைத்திருந்தால் பதறாதே. நான் வரவில்லை. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நேற்றுக் காலை லிஃப்ட் கடிதத்தைத் திரும்ப ஒப்படைக்க மேசைக்குப் போனேன். உன் கடிதங்கள் அங்கேயே பக்கத்தில் கிடந்தன. சட்டையெல்லாம் கறை என்ற வரியில் கண் நின்றது. லிஃப்டில் ஏறி இறங்குகிறவன் சட்டையில் ஏன் கறை படுகிறது? லிஃப்ட் நின்றுபோனால் ஏறுகிறவன் படியேறி வீட்டுக்குப் போய்விடுவான். நேரமாவது யாருக்கு? அதைப் பழுது பார்க்கிறவனுக்கு. இவர் லிஃப்டுக்கு எண்ணெய் போட்டவர், அக்கா. ஊரில் யாருமே லிஃப்டைப் பார்த்திராத காலத்தில் அந்தச் சொல் இவருடைய வேலைச் சொல். என் அட்டையில் இருப்பது ஏறியவர்களின் வருடங்கள்.

உடனே உன் டிசம்பர் கடிதத்தை எடுத்தேன். "ஆறுக்குத் தூக்கமில்லை, ஒன்பதுக்கு ஓயாத இருமல்." ஆறும் ஒன்பதும் மணி இல்லை, படுக்கை எண். படுத்திருப்பவளுக்குத் தன் படுக்கை ஒன்றுதான் தெரியும். ஆறும் தெரிந்து ஒன்பதும் தெரிந்தவள், இரண்டுக்கும் நடுவே நடக்கிறவள். கட்டுப் போட்டவளும் நீதான். நாடி பிடித்தவளும் நீதான். நீ நோயாளி இல்லை. நோயாளியின் வீட்டாளும் இல்லை. நீ அங்கே வேலை பார்க்கிறாய். சரியா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெட்டி கட்டியபோது எனக்குப் பயம் இருந்தது நிஜம். ஆனால் துணியை மடிக்க மடிக்க உள்ளே ஒரு நிம்மதியும் இருந்தது. 22ஆம் தேதி பேச வேண்டியதில்லை என்ற நிம்மதி. உங்கள் இருவரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டே நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். அது தெரிந்த பிறகு அந்த வண்டியில் என்னால் ஏற முடியவில்லை.

ஏன் மறைத்தாய்?

தங்கை

*

ஜனவரி 13

என் கோட்டானுக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. நல்லவேளை, தபால்காரர் இரண்டாவதை மேலே வைத்துக் கொடுத்தார்.

சரி, பிடித்துவிட்டாய். ஃபேக்டரியை ஜூலை கடைசியில் மூடிவிட்டார்கள். காலையில் போனால் கதவில் பூட்டு, பூட்டுக்கு மேலே ஒரு தாள். முப்பது பேர் நின்றோம். சூப்பர்வைசர் பொம்பளையும் எங்களோடுதான் நின்று அழுதாள். இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் தரை துடைக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன்.

துடைக்கிறவள் வாய் சும்மா இருக்குமா? படுத்திருப்பவர்களோடு பேசிக்கொண்டே துடைத்தேன். ஊசி என்றால் அலறுகிற ஒரு தாத்தா நான் பேச்சுக் கொடுத்தால் மட்டும் கையை நீட்டுவார். தலைமை நர்ஸ் பார்த்துவிட்டு, "துடைப்பத்தை அங்க வெச்சிட்டு இங்க வா, உன் வாய்க்கு வேற வேலை இருக்கு" என்றார். இப்போது வார்டில் உதவியாள். ஆறு மாதப் பயிற்சி ஒன்று இருக்கிறது. பத்தாவது படித்திருந்தால் போதும். அதற்கு எழுதிப் போட்டிருக்கிறேன். நேர்காணலில் அவர்கள் பேசும் வார்த்தைகள் நம் வாயிலும் வர வேண்டுமல்லவா? அதனால் பழகினேன். அப்பாவின் கையில் பழகினேன், பூனையின் காலில் பழகினேன். உன் கடிதத்திலும் பழகிவிட்டேன் போலிருக்கிறது. எனக்கே தெரியாது.

ஏன் மறைத்தேன் என்கிறாய். "ஒரு நல்ல காரணம் கிடைத்தால் போதும்" என்று எழுதினாயே. அந்தக் காரணம் என் கையில்தான் இருந்தது. கொடுக்க மனமில்லை. அவ்வளவுதான்.

அப்பாவும் கூட்டுக் களவாணி. "முதலாளி நல்லா இருக்காருன்னு போட்டா அவளுக்குச் சந்தேகமே வராதுல்ல?" என்று அன்றைக்கே கேட்டார்.

22ஆம் தேதி. மூக்கால் இழு, வாயால் விடு. எனக்கும் அன்றைக்குத்தான் நேர்காணல். காலை பத்து மணி. இங்கே நானும் அதையேதான் செய்துகொண்டிருப்பேன்.

அக்கா

*

ஜனவரி 23

அன்புள்ள அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

இருவரும் நலமா? நேர்காணல் என்ன ஆயிற்று? அதை முதலில் எழுது.

நான் பேசினேன். நாற்பத்தேழு நிமிடம். போதும் என்று மேடம் பென்சிலால் மேசையைத் தட்ட வேண்டியதாயிற்று.

முதல் ஐந்து நிமிடம் அச்சடித்தது போலப் பேசிப் பார்த்தேன். தாளைக் கவிழ்த்து வைத்தேன். மூக்கால் இழுத்து வாயால் விட்டேன். பிறகு நம் வீட்டுப் பேச்சிலேயே சொன்னேன்: "லிஃப்டுல ஏறினவங்களை மட்டுமே எண்ணியிருக்கோம். எண்ணெய் போட்டவங்களை விட்டுட்டோம்." மனைவிக்கு அவர் எழுதிய வேறு கடிதங்களில் தேதி இருக்கிறது. ஒன்றில் குட்டி குப்புற விழுந்ததற்கு வாழ்த்து. தேதியில்லாத கடிதம் அதற்கு மூன்று மாதம் பின்னால் சரியாக உட்காருகிறது. அது பேத்தி இல்லை, மகளேதான். கடிதம் இருபத்திரண்டு வருடம் முன்னால் நகர்ந்துவிட்டது. அட்டையும் மாறப்போகிறது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார்கள். "எங்க அக்கா ஆஸ்பத்திரியில வேலை செய்யறாங்க" என்றேன். யாருக்கும் புரியவில்லை. புரியும்படி சொல்ல இன்னும் ஏழு நிமிடம் ஆயிற்று.

கடைசி வரிசை நாற்காலி ஒரே ஒரு முறைதான் கத்தியது. அவர் எழுந்து வந்து கடிதக் கட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது.

புள்ளி வைத்தால் என்ன அர்த்தம் என்று மேடத்தைக் கேட்டே விட்டேன். "திரும்ப வந்து பார் என்று அர்த்தம். நீ வருவாய் என்று தெரியும்" என்றார். அடுத்த வருடத்துக்குப் பெயர் எழுதிக்கொண்டார்கள்.

இன்று மத்தியானம் புது மாணவன் ஒருவன் எங்கள் மேசைமேல் டீயை வைத்துவிட்டான். சத்தம் போட்டேன். அவன் மிரண்டுபோனான். நானும்தான்.

அன்புடன் தங்கை

*

பிப்ரவரி 4

அன்புள்ள தங்கைக்கு (கோட்டான் பட்டம் இன்றோடு ரத்து),

இங்கே எல்லோரும் சுகம். பூனை உட்பட. பயிற்சிக்கு என்னை எடுத்துக்கொண்டார்கள். பதினோரு பேரில் வயதில் மூத்தவள் நான், வாயில் மூத்தவளும் நான்.

உன் கடிதம் வந்ததும் அப்பா, "மொதல்லேர்ந்து எல்லாத்தையும் வரிசையா படி" என்றார். நீ செய்ததை அவரும் செய்ய வேண்டுமாம். கண்ணை மூடி உட்கார்ந்து கேட்டார். கடைசிக் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வந்ததும் கையைத் தூக்கினார்.

"நிறுத்து. மொதக் கடிதாசியில மேசையப் பத்தி என்ன எழுதினா?"

புரட்டிப் பார்த்தேன். "அவர்கள் மேசை" என்று எழுதியிருந்தாய்.

"இப்ப?"

"எங்கள் மேசை."

நான் நாலு முறை படித்தும் என் கண்ணில் படவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத மனிதர் காதால் பிடித்துவிட்டார். உன் துறையில் இடமிருந்தால் சொல், அனுப்பி வைக்கிறேன்.

"அதனால என்னப்பா?" என்றேன்.

முழங்காலைத் தடவிக்கொண்டார். "இனிமே அவ லீவுக்குத்தான் வருவா. வர்றவளுக்கு நல்ல தலையணையா ஒண்ணு வாங்கி வை" என்றார்.

வாங்கி வைத்துவிட்டேன். அப்பா தினமும் வெயிலில் போட்டு எடுக்கிறார்.

ஆறிலிருந்து பன்னிரண்டாம் படுக்கை வரை பார்த்துக்கொள்ளும்,
உன் அக்கா